எத்தனை தலையணை என்று கேட்டவள்

போன மாதம் எங்கள் பழைய கிளினிக்கின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படம் வந்தது. ஷா ஆலமில் ஒரு ஹோட்டல் மண்டபம். முன்வரிசையில் இளம் தாதியர் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் பிரேமா நிற்கிறாள். அவள் கையில் சவரம் செய்யும் மெஷின் அளவில் வெள்ளையாக ஒரு கருவி, பின்னால் பெரிய திரையில் ஒருவருடைய நெஞ்சின் உட்புறம். படத்துக்குக் கீழே எல்லோரும் கைதட்டும் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சட்டி கழுவினேன். என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்து, "யார் மேல கோபம்? சட்டி என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார்.

அன்று மாலை, என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "லெட்சுமி அக்கா, நீங்களும் பிரேமா மிஸ்ஸியும் ஒரே கிளினிக்தானே? அந்தக் காலத்துக் கதைய எழுதுங்கக்கா, ஞாயிறு பேப்பருக்கு அனுப்பலாம்." அந்தக் காலமாம். நான் ஓய்வு பெற்றது நேற்று முன்தினம் போல இருக்கிறது.

சரி, எழுதுகிறேன். சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், அதனால் பூசி மெழுக முடியாது. எனக்குப் பிரேமா மேல் பொறாமை. இருந்தது என்று எழுதத்தான் கை போகிறது. இருக்கிறது என்பதுதான் சரி.

நான் கிள்ளான்காரி. அப்பா ரயில்வேயில் கூலி. ஐந்தாம் படிவத்தோடு படிப்பு முடிந்தது. தேர்ச்சியும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அசிஸ்டென்ட் நர்ஸ் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஸ்டாஃப் நர்ஸுக்கு வெள்ளை உடுப்பு, எங்களுக்குப் பச்சை. படுக்கை விரிப்பது, உடம்பு துடைப்பது, ஊசி போடுவது, இறந்தவரைக் கட்டி அனுப்புவது என்று எல்லாம் பழகி, கடைசியில் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஓர் அரசாங்க மருத்துவமனையில் இதயக் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தேன். பணிக்காலத்தின் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது.

அங்கே வருகிறவர்கள் இதயம் தளர்ந்துபோனவர்கள். இதயம் சரியாக இறைக்காவிட்டால் உடம்பில் தண்ணீர் தேங்கும். காலில் தேங்கும், வயிற்றில் தேங்கும், சுவாசப்பையில் தேங்கும். தண்ணீரை வெளியேற்ற மாத்திரை உண்டு. கூடக் கொடுத்தால் சிறுநீரகம் கெடும், குறையக் கொடுத்தால் ஆள் மூச்சு முட்டி வருவார். அதனால் வருகிற ஒவ்வொருவரிடமும் எங்களுக்கு ஒரே கேள்விதான்: இந்த ஆள் ஈரமாக இருக்கிறாரா, காய்ந்திருக்கிறாரா?

அதைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி என் கையில் இருந்தது. முதலில் எடை. செருப்பைக் கழற்றச் சொல்வேன், பாக்கெட்டில் இருக்கும் சாவி, சில்லறை, கைப்பேசி எல்லாவற்றையும் தட்டில் வைக்கச் சொல்வேன், கழிவறைக்குப் போய்வந்த பிறகுதான் தராசில் ஏற்றுவேன். பிறகு உட்காரவைத்து முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துவேன். எடுத்த பிறகு குழி நின்றால் தண்ணீர். எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பேன். பிறகு படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாயவைத்து, கழுத்தைச் சற்றே திருப்பச் சொல்லி, நரம்பு எந்த உயரம் வரை துடிக்கிறது என்று பார்ப்பேன். கடைசியில் கேட்பேன்: "ராத்திரி எத்தனை தலையணை?" நெஞ்சில் தண்ணீர் ஏற ஏற மல்லாந்து படுக்க முடியாது. ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும். கிளினிக்கில் எனக்குத் 'தலையணை மிஸ்ஸி' என்றே பெயர். எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் தலைவர் டாக்டர் சுவா. சீனப் பெண்மணி, குள்ளம். படுக்கை உயரமாக இருந்தால் ஒரு மர ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து அதன் மேல் ஏறி நிற்பார். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். இங்கே தமிழாக்கித் தருகிறேன். அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. பாராட்டியும் பார்த்ததில்லை. நாம் ஒன்றைச் செய்து காட்டினால் முகத்தைப் பார்க்காமல் "லாகி" என்பார். மறுபடி செய் என்று அர்த்தம். இரண்டாம் தடவைக்கும் லாகி. மூன்றாம் தடவை ஒன்றும் சொல்லாமல் அடுத்த நோயாளியிடம் போய்விட்டால் நாம் தேறிவிட்டோம். நான் எடை எடுப்பதையும் குழி பார்ப்பதையும் வந்த புதிதிலேயே பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனவர் அவர். அதுதான் எனக்குக் கிடைத்த மெடல். அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம்தான் அந்தக் கருவி வந்தது. ஸ்கேன் என்றால் அதுவரை இருட்டறையில் பெரிய மெஷின், அதற்கு ஒரு வரிசை. இது டாக்டரின் கோட் பாக்கெட்டில் அடங்கியது. டேப்லட்டில் செருகினால் படம் வரும். நோயாளியின் படுக்கைப் பக்கத்திலேயே நின்று நெஞ்சுக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். தாதி ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்கப்போகிறேன் என்று டாக்டர் ஒரு காலை அறிவித்தார். நான்தானே எல்லாருக்கும் மூத்தவள்?

"பிரேமா," என்றார்.

பிரேமா ஸ்டாஃப் நர்ஸ், பிரிக்பீல்ட்ஸ் பெண், வெள்ளை உடுப்பு. மெதடிஸ்ட் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுவாளாம். கிளினிக்கிலும் முணுமுணுத்துக்கொண்டேதான் வேலை செய்வாள். சோம்பேறி இல்லை, வாயாடி, ஆனால் நல்லவள். அவளைப் பற்றிக் குறை எழுத எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதுவே ஒரு தொல்லை.

டாக்டர் தனியாக இருந்த நேரம் பார்த்துக் கேட்டேன். "டாக்டர், நானும் கத்துக்கலாமா?"

"அக்கா, இதுக்கு ஸ்டாஃப் நர்ஸ் மட்டும்தான் அனுப்பச் சொல்லியிருக்காங்க லா," என்றார். பிறகு, என் முகம் எப்படிப் போயிற்றோ, "உங்களுக்குத்தான் கை இருக்கே," என்று சேர்த்துக்கொண்டார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்று வீட்டுக்குப் போய் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். "கை இருக்கே" என்பது மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது, சஷ்டி கவசம் சொல்ல வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் டாக்டர் பிரேமாவுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கருவி வைக்குமுன் நெஞ்சில் தடவும் களிம்பின் குழாயை டாக்டர் கோட்டுக்குள் வைத்து உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக்குவார். குளிர்ந்த களிம்பைத் தடவினால் நோயாளி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார், அப்போது படம் சரியாக வராது. கருவியின் பக்கவாட்டில் ஒரு புள்ளி. அது தலையைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு விலா எலும்புக்கு நடுவே வைத்தால் திரையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதுதான் சுவாசப்பையின் உறை. மூச்சுக்கு மூச்சு இப்படியும் அப்படியும் வழுக்கும். காய்ந்த சுவாசப்பையானால் அந்தக் கோட்டுக்குக் கீழே அதே மாதிரி படுக்கைக் கோடுகள் மங்கலாக இரண்டு மூன்று தெரியும், அவ்வளவுதான். தண்ணீர் இருந்தால் உறையிலிருந்து திரையின் அடிவரை பளிச்சென்று நெடுக்குக் கோடுகள் விழும். ஒன்று இரண்டு இருந்தால் பரவாயில்லை. ஒரே இடத்தில் மூன்றும் அதற்கு மேலும் இருந்து, இரு பக்கமும் பல இடத்தில் அப்படியே இருந்தால் ஆள் ஈரம். கடைசியில் விலாவுக்குக் கீழே வைத்து, இதயத்துக்குள் போகும் பெரிய ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும். மூக்கை உறிஞ்சச் சொன்னால் அது சட்டென்று சுருங்க வேண்டும். சுருங்காமல் தடித்தே நின்றால் உள்ளே நெரிசல்.

இவ்வளவும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் தலையணை உறை மாற்றிக்கொண்டே கேட்டது. "லாகி," என்பார் டாக்டர். பிரேமா மறுபடி வைப்பாள். "லாகி." எனக்கு அந்த லாகி மேல்கூடப் பொறாமையாக இருந்தது. என்னிடம் அதைச் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று!

இனி ஆறுமுகம் அண்ணன் கதைக்கு வருகிறேன்.

அவர் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். இதயம் பலவீனமாகி லோரியை விட்டுவிட்டார். அந்த வருடம் மருந்தின் அளவை மாற்றியிருந்ததால் வாரம் ஒரு தடவை கிளினிக்குக்கு வந்தார். தைப்பூசத்துக்கு விரதம் இருந்தார். மகன் கப்பல் வேலைக்குப் போய் ஆபத்திலிருந்து தப்பியதற்கு மூன்று வருடம் பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். இரண்டு வருடம் முடிந்து அது மூன்றாவது. ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சைவம். மஞ்சள் வேட்டி, கழுத்தில் உருத்திராட்ச மாலை. நானும் அந்த மாதம் விரதம்தான், வருடா வருடம் இருப்பேன். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நிறைய.

"இன்னிக்கு என்ன மிஸ்ஸி சமையல்?"

"கீரையும் ரசமும் அண்ணே."

"எங்க வீட்டுலயும் அதேதான். மாடுகூட நம்மளப் பாத்துப் பொறாமைப்படும்."

வாரத்துக்கு வாரம் அவர் எடை குறைந்துகொண்டே வந்தது. எனக்குச் சந்தோஷம். தண்ணீர் வடிகிறது என்று நினைத்தேன். காலை அழுத்தினால் குழி இல்லை. கழுத்து குட்டையும் தடிமனுமாக இருக்கும், அதன் மேல் மாலை வேறு. நரம்பு எனக்குச் சரியாகத் தெரியவில்லை. விரத மாலையைக் கழற்று என்று சொல்ல மனம் வரவில்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டபோதும் நெஞ்சில் தண்ணீர்ச் சத்தம் இல்லை. கடைசியில் என் கேள்வி.

"எத்தனை தலையணை அண்ணே?"

"விரதத்துல தலையணை ஏது மிஸ்ஸி? தரையில ஒரு பாய், அவ்ளோதான்."

மூன்று வாரமும் அதே பதில். எடை குறைகிறது, கால் காய்ந்திருக்கிறது, தலையணையே இல்லாமல் தரையில் படுக்கிறார். "முருகன் அருள்தான் அண்ணே," என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு கடைசியாக வந்தார். முகம் கொஞ்சம் சோர்ந்திருந்தது. ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிடுகிறவர் சோர்வாகத்தானே இருப்பார்? நானே சோர்வாகத்தான் இருந்தேன். அப்போது பிரேமா டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அவருக்கு எதுக்கு? நல்லாத்தானே இருக்கார்," என்றேன்.

"கிடைக்கிற ஆளையெல்லாம் பாத்துப் பழகச் சொல்லியிருக்காங்கக்கா. அஞ்சு நிமிஷம்தான்."

ஆறுமுகம் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இது வயித்துல புள்ள இருக்கான்னு பாக்குற மெஷின்தானே? எனக்கு எதுக்கு மிஸ்ஸி?" என்றார்.

"பையனா பொண்ணான்னு சொல்லிடறேன் அங்கிள், பயப்படாதீங்க," என்றாள் பிரேமா. அவர் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

களிம்பைத் தடவி நெஞ்சின் வலப்பக்கம் வைத்தாள். முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டு நின்றது. கருவியை நகர்த்தினாள். மறுபடி நகர்த்தினாள். இடப்பக்கம் போனாள். நான் எட்டிப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் நெடுக்குக் கோடுகள், எண்ண முடியாத நெருக்கத்தில்.

"நீ பிடிச்சது சரியில்ல," என்றேன் மெதுவாக. "டாக்டரக் கூப்பிடு."

டாக்டர் வந்து ஸ்டூலைத் தள்ளி ஏறி நின்றார். "லாகி." பிரேமா மறுபடி காட்டினாள். "அந்தப் பக்கம் லாகி." காட்டினாள். விலாவுக்குக் கீழே வைத்து மூக்கை உறிஞ்சச் சொன்னாள். ரத்தக்குழாய் தடித்து நின்றது, அசையவே இல்லை. டாக்டர் இன்னொரு தடவை லாகி சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்று மனதுக்குள் ஆசையும் இருந்தது. அவர் சொல்லவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"வார்டில் படுக்கை கேளுங்க," என்றார்.

எனக்குப் புரியவில்லை. "டாக்டர், எடை குறைஞ்சிருக்கு. தலையணைகூட வைக்கிறதில்ல."

பிரேமாவுக்கு எங்கள் விரதமெல்லாம் தெரியாது. அவள் தெரியாமல்தான் கேட்டாள். "அங்கிள், தலையணை இல்லாம எப்படிப் படுப்பீங்க? கொஞ்சம் காட்டுங்களேன்."

ஆறுமுகம் படுக்கையை விட்டு இறங்கினார். கிளினிக் தரையில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்படித்தான்."

"படுக்கவே மாட்டீங்களா?"

"படுத்தா நெஞ்ச அடைக்குது மிஸ்ஸி. எந்திரிச்சு உக்காந்துருவேன். விரதத்துல தூங்காம சாமிய நெனச்சுக்கிட்டு இருக்கறது நல்லதுதானே, முருகன்தான் எழுப்பி விடறான்னு இருந்துட்டேன்."

ஒரு வினாடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எடை குறைந்தது பட்டினியால். சதை கரைந்த அளவுக்குத் தண்ணீர் உள்ளே ஏறியிருக்கிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். என் பாவாடை நாடாவே அந்த மாதம் இரண்டு விரல்கடை இறுக்கிக் கட்டும்படி ஆகியிருந்தது, அதை நான் அவரோடு சேர்த்து யோசிக்கவில்லை. சிலருக்குத் தண்ணீர் காலில் வராமல் நேரே நெஞ்சில் ஏறும். தலையணை இல்லை என்றதும் விரதக்காரர் தரையில் மல்லாந்து படுத்திருப்பதாக என் மனக்கண்ணில் படம் வந்துவிட்டது, ஏனென்றால் நான் அப்படித்தான் படுக்கிறேன். விரதம் தெரிந்ததால் நான் கேட்கவில்லை. தெரியாததால் அவள் கேட்டாள். கருவி பார்த்ததைக்கூட என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. தலையணைக் கேள்வி என்னுடையது. அதையும் அவள் என்னைவிட நன்றாகக் கேட்டுவிட்டாள்.

ஆனால் படுக்கை கேட்டதும் ஆறுமுகம் எழுந்து சட்டையை மாட்ட ஆரம்பித்துவிட்டார்.

"தைப்பூசம் முடியட்டும் டாக்டர். மறுநாளே வந்து படுத்துக்கறேன்."

"அந்தப் பத்துமலைப் படியில் ஏறினால் நடுவிலேயே விழுந்துவிடுவார்," என்றார் டாக்டர் என்னிடம். "அக்கா, நீங்க பேசுங்க."

இதோ, என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். பிரேமாவால் முருகனைப் பற்றிப் பேச முடியுமா?

"அண்ணே, முருகன் உங்க உசிரயா கேக்கறான்? அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்."

அவர் பட்டனைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீங்களே இப்படிப் பேசலாமா மிஸ்ஸி? உங்க விரதத்த இன்னிக்கு விடுன்னா விடுவீங்களா? என் மகன் தண்ணியில இருந்து பொழச்சு வந்தவன். வாக்குக் குடுத்தது நான்."

அவர் வாசல்வரை போய்விட்டார். இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

பிரேமா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "அங்கிள், போங்க, நான் தடுக்கல. ஆனா உங்க நெஞ்ச நீங்களே ஒரு தடவ பாத்துட்டுப் போங்க." திரும்பி என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க மேல படுங்கக்கா. நல்ல நெஞ்சு எப்படி இருக்கும்னு காட்டணும்."

முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவளுக்குக் கிடைத்த உத்தியோகத்தைப் பாருங்கள். பச்சை உடுப்போடு நோயாளிப் படுக்கையில் ஏறிப் படுத்தேன். மேல் பட்டனைத் திறந்து கழுத்தெலும்புக்குக் கீழே கருவியை வைத்தாள். களிம்பு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது; அவளும் டாக்டரைப் போலப் பாக்கெட்டில் வைத்திருந்திருக்கிறாள். எதையும் விடாமல் கற்றுக்கொண்டிருக்கிறாளே என்று படுத்த நிலையிலேயே வயிறு எரிந்தது.

ஆறுமுகம் திரையில் என் சுவாசப்பையைப் பார்த்தார். பிறகு பதிந்து வைத்திருந்த தன்னுடையதைப் பார்த்தார். மறுபடி என்னுடையதை.

"மிஸ்ஸியோடது ரோடு தெளிவா தெரியுது," என்றார். "என்னோடது... ஹெட்லைட் வெளிச்சத்துல மழ ஊத்தற மாதிரி இருக்கே."

"இந்த மழையில நீங்க லோரி ஓட்டுவீங்களா அங்கிள்?"

லோரிக்காரர், அந்தக் கேள்விக்கு அவரால் பொய் சொல்ல முடியாது.

"ஓட்ட மாட்டேன். ஓரமா நிறுத்திருவேன்."

"அப்ப நிறுத்துங்க."

அந்த ஒரு வார்த்தை என் வாயில் வந்திருக்க வேண்டியது. எங்கள் ஊர்க்காரர், எங்கள் சாமி, எங்கள் பாஷை. வந்தது அவள் வாயில்.

அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது. "குடத்த யார் எடுக்கறது? மகன் கப்பல்ல இருக்கான். வீட்டுல அவளுக்கு முட்டி ஆபரேஷன், படியே ஏற முடியாது."

"நான் தூக்கிட்டுப் போறேன் அங்கிள்," என்றாள் பிரேமா. விளையாட்டாகச் சொல்லவில்லை, தூக்கியிருப்பாள்.

"நீங்க மத்தியானம் சிக்கன் ரைஸ் சாப்பிட்டீங்களே மிஸ்ஸி," என்றார் ஆறுமுகம். "இங்க வரைக்கும் வாசம் வந்துச்சு. விரதம் இருக்கற கைதான் எடுக்கணும்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் கேட்கக்கூட இல்லை. நான் தலையை ஆட்டினேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. வெள்ளை உடுப்பு போட்டாலும், கையில் மெஷின் வைத்திருந்தாலும் அவளால் முடியாதது ஒன்று இருக்கிறதே என்ற சிரிப்பு.

அவரை வார்டில் சேர்த்து, நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். நான் லீவு போட்டேன். தைப்பூசத்தன்று விடியற்காலையில் நானும் என் வீட்டுக்காரரும் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் மாறி, பத்துமலைக்குப் போனோம். ஆற்றங்கரையில் குளித்து, ஆறுமுகம் வீட்டு அம்மா கொடுத்தனுப்பிய குடத்தில் பால் நிரப்பி, அவர் பெயரும் நட்சத்திரமும் சொல்லிப் பூசை செய்து தலையில் ஏற்றிக்கொண்டேன். கூட்டம் தள்ளியது. படியில் ஒருவர் முதுகு இன்னொருவர் நெஞ்சில் இடித்தது. வேல் வேல் என்ற சத்தத்தில் நான் ஆறுமுகம் அண்ணன் பெயரையே சொல்லிக்கொண்டு ஏறினேன்.

நடுவில் ஒரு படித்தளத்தில் மூச்சு வாங்க நின்றபோது என் வீட்டுக்காரர் கைப்பேசியை எடுத்தார். "பிரேமா ஏதோ அனுப்பியிருக்கு."

"படிங்க."

"கண்ணாடி கொண்டு வரல."

"அப்புறம் எதுக்கு எடுத்தீங்க?"

பின்னால் வந்த பெண் ஒருத்தி வாங்கிப் படித்தாள். "அக்கா, இன்னிக்குக் காலையில பாத்தேன். மழ கொறஞ்சு தூறல் ஆயிருச்சு. அங்கிள் படுத்துத் தூங்கினார், ஒரே தலையணை. அவர்கிட்டயும் திரையக் காட்டினேன். உங்ககிட்ட சொல்லச் சொன்னார்." கீழே ஒரு வீடியோவும் இருந்ததாம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, தலையில் குடம்.

சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக. ஆனால் இரண்டு படி ஏறுவதற்குள் இன்னொன்றும் வந்துவிட்டது. நான் இன்னும் சன்னதிக்கே போகவில்லை, பால் இன்னும் சாமி மேல் விழவில்லை, அவள் அதற்குள் பார்த்துச் சொல்லிவிட்டாள். இங்கேயும் எனக்கு முன்னாலேயா?

குகைக்குள் வரிசை மெதுவாக நகர்ந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆறுமுகத்துக்குத்தான் குணமாகிக்கொண்டிருக்கிறதே. டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, பிரேமா இருக்கிறாள். சன்னதியில் கிடைக்கப்போவது ஒரு நொடி. அந்த நொடியில் என்னுடையதைக் கேட்டால் என்ன? எத்தனையோ மாதமாக வீட்டுப் படத்துக்கு முன்னால் கேட்டு நடக்காதது, இந்த வயிற்றெரிச்சலை எடுத்துவிடு என்பது. இவ்வளவு தூரம் சுமந்து வந்ததற்கு இங்கே கேட்டால் நடக்கும் என்று தோன்றியது.

குருக்கள் கையை நீட்டினார். குடத்தை இறக்கிக் கொடுத்தேன். பால் விழுந்தது. "ஆறுமுகத்துக்கு மூச்சு நல்லா வரணும்," என்றேன். மகன் கப்பலிலிருந்து பத்திரமாக வர வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதற்குள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள்.

ஆறுமுகம் அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனார். அடுத்த தைப்பூசத்துக்குப் பிரேமா நெஞ்சைப் பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகு, சின்னக் குடமாக ஒன்று எடுத்து நின்று நின்று ஏறினார். விரதத்தில் இரண்டு வேளை சாப்பிட்டார், டாக்டர் உத்தரவு. நான் ஓய்வு பெற்றேன். பிரேமா ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறாள், நன்றாகத்தான் சொல்லிக்கொடுப்பாள்.

அன்றைக்குச் சன்னதியில் ஏன் உனக்காக ஒன்றும் கேட்கவில்லை என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். அது அடுத்தவர் வீட்டுப் பால். அதில் என் வேண்டுதலைக் கலக்க எனக்கு உரிமை கிடையாது. என்னுடையது என்னிடமே இருக்கிறது.